தொற்றுக் காலத்தில் ஊதச் சொல்லலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நான் போக்குவரத்துக் காவல் பிரிவில் ஆய்வாளராக இருக்கிறேன். கோவிட் வந்தபோது மூச்சுப் பரிசோதனைக் கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பூட்டினோம். நாளடைவில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதையும் பாதிக்கு மேல் குறைத்துக்கொண்டோம். அந்த நாட்களில் ஓர் இரவு ஒருவரை நிறுத்தினேன். குடித்திருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஊதச் சொல்ல வழியில்லை. 'பார்த்துப் போங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது, இன்னொரு தொற்று வந்தால் எங்கள் பிரிவு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரைவு எழுதித் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 'தொற்று என்றாலே ஊதும் சோதனையை நிறுத்திவிட வேண்டும்' என்கிறார்கள் என்னுடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேர். என் வீட்டிலும் வயதான தாயார் இருக்கிறார், அவர்களுடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சானிடைசர் போட்டதால்தான் கருவி அளவு காட்டுகிறது என்று ஓட்டுநர்கள் வாதாடுவதில் உண்மை உண்டா என்பதும் தெரிய வேண்டும். வழிகாட்டுங்கள்.

— ஒரு போக்குவரத்து ஆய்வாளர்

பதில்:

அன்புள்ள ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தாலும், வரைவின் முதல் பக்கத்தில் தீர்மானமாக எழுத வேண்டியது ஒன்றுதான்: சோதனை நிற்காது, சோதிக்கும் முறை மாறும். ஒரு சட்டம் சார்ந்த மருத்துவன் என்ற முறையில் இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். விபத்தில் இறந்தவர்களின் உடற்கூறாய்வு மேசையையும், அவர்களின் ரத்த மாதிரியில் வந்த ஆல்கஹால் அளவையும் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் எனக்கு வயதாகியிருக்கிறது.

நடந்ததைக் கணக்கில் வைத்துப் பேசுவோம். 2020-ல் அமெரிக்காவில் ஊரடங்கால் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தது. சாவும் அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. அந்த ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 38,824 பேர், 2019-ஐவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். மது அருந்திய ஓட்டுநர் சம்பந்தப்பட்ட சாவுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 11,654. அது முந்தைய ஆண்டைவிட 14 சதவீதம் அதிகம். 2021-ல் அந்த எண்ணிக்கை 13,384 ஆனது. இந்தியாவில் கதை சற்று வேறு. கடுமையான ஊரடங்கு இருந்ததால் 2020-ல் சாலைச் சாவுகள் 1,51,113-லிருந்து 1,31,714 ஆகக் குறைந்தன. ஆனால் நூறு விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் 33.7-லிருந்து 36 ஆக ஏறியிருக்கிறது. விபத்துகள் குறைந்தன, நடந்தவை முன்பைவிடக் கொடூரமாக நடந்தன. காலிச் சாலையில் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும்.

இந்தப் பழியை எல்லாம் சோதனையை நிறுத்தியதன் மேல் போட முடியாது. மன உளைச்சல், வேலையிழப்பு, வீட்டில் அடைபட்டுக் குடித்தது, காலிச் சாலை என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். குடித்துவிட்டு வண்டி எடுப்பவரைத் தடுப்பது அபராதத் தொகையோ சிறைத் தண்டனையோ அல்ல, 'இன்றைக்கு மாட்டிக்கொள்வோம்' என்ற எண்ணம்தான். இதைத் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். 1982 டிசம்பர் 17-ம் தேதி அங்கே யாரை வேண்டுமானாலும், எந்தச் சந்தேகமும் இல்லாமலேயே நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்ற நடைமுறை வந்தது. உயிர்ச்சேத விபத்துகள் சட்டென்று இறங்கின, இறங்கியதும் நிலைத்தது. ஓட்டுநர் கண்ணில் தணிக்கை படுவதே அந்த ஏற்பாட்டின் பலம். அதே ஆஸ்திரேலியாவில் 2020 மார்ச்சில் சில மாநிலங்கள் வரிசையாக வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடங்களை மூடின. ஆனால் சந்தேகத்துக்கு இடமான ஓட்டுநரை ரோந்து வண்டி நிறுத்தி ஊதச் சொல்வது தொடர்ந்தது. உங்கள் வரைவில் இந்த வேறுபாடு இருக்க வேண்டும். கூட்டமாகச் சோதிப்பதைக் குறைப்பது ஒன்று, சோதனையையே கைவிடுவது வேறொன்று. உங்கள் பிரிவில் இரண்டாவது நடந்திருக்கிறது. அது ஊருக்கும் தெரிந்திருக்கும்.

இனி பயத்துக்கு வருவோம். உங்கள் சகாக்களின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் தவறான இடத்தில் நிற்கிறது. எல்லோரும் கருவியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தொற்று எங்கே நடக்கிறது என்று ஒரு தணிக்கையை அடி அடியாகப் பிரித்துப் பாருங்கள். காவலர் வண்டியின் ஜன்னலில் குனிகிறார். உள்ளே மூடிய காற்றில் ஒருவர், முகக்கவசம் இல்லாமல், குடித்த வேகத்தில் உரக்கப் பேசுகிறார். வாடை அடிக்கிறதா என்று பார்க்கக் காவலர் இன்னும் நெருங்குகிறார். உரிமம் கைமாறுகிறது, வாக்குவாதம் ஐந்து நிமிடம் நீள்கிறது. அதற்குப் பிறகு ஒரு பத்து விநாடி ஊதுதல். அது முடிந்ததும் நாலைந்து பேரை ஒரே வேனில் ஏற்றி, கதவைச் சாத்தி, நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இதில் ஆபத்து மிகுந்த இடம் வேன்தான். அடுத்தது ஜன்னல். முறையாகச் செய்தால் ஊதுதல் கடைசி இடத்துக்குப் போய்விடும். கோவிட் காலத்தில் பல ஊர்களில் ஊதுதலை நிறுத்தினார்கள், ஜன்னலில் குனிவதும் வேனில் அடைப்பதும் அப்படியே தொடர்ந்தன.

முறையாகச் செய்வது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கித் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். வண்டிக்குள் கருவியை நீட்டுவதை வரைவிலேயே தடை செய்யுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, காவலர் காற்று வரும் பக்கம் நிற்கட்டும், ஓட்டுநர் காற்று போகும் பக்கம் முகத்தைத் திருப்பட்டும். நேருக்கு நேர் வேண்டாம், பக்கவாட்டில் நின்று கையை நீட்டிக் கருவியைப் பிடிக்கலாம். ஊதுகுழல் ஒருவருக்கு ஒன்று, ஒருமுறை பயன்படுத்தியதும் குப்பைக்கு. பின்னோக்கி இழுக்க முடியாதபடி ஒருவழி வால்வு வைத்த குழல்களையே வாங்கச் சொல்லுங்கள். முன்பு ஊதியவரின் காற்றை அடுத்தவர் உறிஞ்சிவிடுவார் என்ற அச்சத்துக்கு அதுதான் மருந்து. ஆனால் ஊதிய காற்று கருவியின் வழியே வெளியேறத்தான் செய்யும். அந்த வெளியேறும் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதைப் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துளை தங்கள் முகத்தைப் பார்த்து இருக்கும்படி பிடிப்பவர்கள் நிறையப் பேர். வரைவில் கருவியின் படத்தைப் போட்டு, துளைக்கு ஓர் அம்புக்குறி வரைந்துவிடுங்கள். முகக்கவசம் ஊதும் நேரத்துக்கு மட்டும் கழற்றப்பட வேண்டும், உடனே திரும்பப் போடப்பட வேண்டும். காவலருக்கு என்95 வகைக் கவசம், முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தியதாக.

வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிட் பலருக்கு முகர்வு சக்தியைப் பறித்தது, சிலருக்கு அது மாதக்கணக்கில் திரும்பவில்லை. அப்படிப்பட்ட காவலர் தணிக்கையில் நின்றால், குடித்தவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். போதாததற்கு எல்லோர் மீதும் சானிடைசர் வாடை. மூக்கை நம்பிச் சோதிக்க வேண்டியவரைத் தேர்ந்தெடுப்பது எப்போதுமே பலவீனமான வழி. தொற்றுக் காலத்தில் அது உதவவே உதவாது. ஆளுக்கு அருகே காற்றில் ஆல்கஹால் இருக்கிறதா என்று குழல் இல்லாமலேயே காட்டும் கருவிகள் உண்டு. அவற்றை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். பலத்த காற்றில் அவை ஏமாற்றும், சானிடைசர் வாடைக்கும் கூவும். ஆகையால் அதில் விளக்கு எரிந்தது என்பதை மட்டும் வைத்து வழக்குப் போடக்கூடாது. யாரை முறையாக ஊதச் சொல்ல வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது சானிடைசர். இந்த வாதத்தைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள், இதில் பாதி உண்மை இருக்கிறது. கையில் தேய்க்கும் திரவங்களில் பெரும்பாலானவை எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் எத்தனால் 80 சதவீதம். இன்னொரு கலவையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம். சாலையில் நாம் பயன்படுத்தும் கைக்கருவிகள் பெரும்பாலும் எரிபொருள் மின்கல வகை, அதாவது மூச்சிலுள்ள ஆல்கஹால் வேதிவினையில் எழுப்பும் மின்சாரத்தை அளப்பவை. அவற்றுக்கு எத்தனாலையும் ஐசோபுரோப்பைலையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. நிலையத்தில் வைத்திருக்கும் அகச்சிவப்புக் கருவி மூச்சின் வழியே கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் செலுத்தி, பல அலைநீளங்களில் பார்ப்பதால் ஓரளவு பிரித்துச் சொல்லும்.

தணிக்கையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காவலர் நல்லெண்ணத்தோடு ஓட்டுநரின் கையில் சானிடைசர் ஊற்றுகிறார். ஓட்டுநர் தேய்க்கிறார், ஈரம் காய்வதற்குள் அந்தக் கையாலேயே குழலின் உறையைப் பிரித்து, வாயருகே பிடித்து ஊதுகிறார். கையிலிருந்து எழும் ஆவி குழலுக்குள் போகிறது. ஒரு சொட்டுகூடக் குடிக்காதவருக்குக் கருவி எண் காட்டும். காவலர் தன் கையுறையில் சானிடைசர் தெளித்துக்கொண்டு குழலைப் பொருத்தினாலும் இதேதான். ஆல்கஹால் நனைத்த துணியால் கருவியைத் துடைத்தால் அடுத்த சில சோதனைகள் கெட்டுப்போகும், உணரியும் பழுதாகலாம். கவசத்தின் உட்புறத்தில் சானிடைசர் தெளித்துக்கொள்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மூச்சிலும் ஆவி இருக்கும்.

இதற்கான விடை மிக எளிது: நேரம். முகர்ந்த ஆவியும் வாயில் தங்கிய ஆல்கஹாலும் சில நிமிடங்களில் போய்விடும். ரத்தத்தில் கலந்த மது அப்படிப் போகாது. ஈரல் அதைக் கரைக்கும் வேகம் சராசரியாக 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராம்தான், ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும் குறையும். ஆகவே முதலில் ஓர் எண் வந்தால், ஓட்டுநரைத் தனியாக நிற்க வைத்து, எதுவும் குடிக்காமல், புகைக்காமல், கையில் எதுவும் தேய்க்காமல் 15 நிமிடம் பார்வையில் வைத்திருங்கள். புதிய குழலில் மறுபடி ஊதச் சொல்லுங்கள். சானிடைசர் என்றால் எண் சுழிக்கு, அதாவது பூஜ்ஜியத்துக்கு, இறங்கியிருக்கும். குடி என்றால் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் வெறும் காற்றில் கருவியை இயக்கிச் சுழி காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டவில்லை என்றால் அந்த இடத்திலேயே ஆவி இருக்கிறது, தள்ளிப் போய் நில்லுங்கள். கை சுத்தத்துக்குச் சோப்பும் தண்ணீரும், கருவியைத் துடைக்க ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினி. இந்த இரண்டு ஊதல்களின் எண்ணும் நேரமும் பதிவேட்டில் இருந்தால் நீதிமன்றத்தில் சானிடைசர் வாதம் அதோடு தீர்ந்தது. நிரபராதி ஒருவரும் அதனால் காப்பாற்றப்படுவார், எனக்கு அதுவும் அதே அளவு முக்கியம்.

காய்ச்சலைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் தொற்றுக் காலத்தில் அது கணக்கில் வர வேண்டும். மூச்சில் உள்ள ஆல்கஹாலை வைத்து ரத்த அளவைச் சொல்லும்போது, 2,100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் இருப்பதும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதும் சமம் என்று பல நாடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். இது வெளிவரும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் என்ற அனுமானத்தில் நிற்கிறது. வெப்பம் கூடினால் திரவத்திலிருந்து ஆவி அதிகமாக எழும், இது மூச்சுக்கும் பொருந்தும். ஒரு டிகிரி கூடினால் அளவு சுமார் ஆறரை சதவீதம் கூடிக் காட்டும். 39 டிகிரி காய்ச்சலோடு இருப்பவருக்கு இரண்டு டிகிரி அதிகம் என்று வைத்தால் 13 சதவீதம். சட்டம் வைத்த வரம்பைத் தாண்டி வெகு தூரம் போனவருக்கு இதனால் ஒன்றும் மாறாது. வரம்பை ஒட்டி நிற்பவருக்கு இது வழக்கா இல்லையா என்பதையே மாற்றும். ஊதுவதற்கு முன் நெற்றியில் காட்டும் வெப்பமானியால் பார்த்து, அந்த எண்ணையும் எழுதிவையுங்கள். நெற்றிமானி மூச்சின் வெப்பத்தைச் சொல்லாது, ஆனால் காய்ச்சல் இருந்ததா என்று பிறகு எழும் கேள்விக்கு அது பதில். காய்ச்சலும் இருந்து, அளவும் வரம்பை ஒட்டி இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போவது நியாயம்.

வரம்பு எது என்பது நாட்டுக்கு நாடு மாறும். 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இந்தியாவில் 30 மில்லிகிராம், சுவீடனில் 20, இங்கிலாந்தில் 80. வரம்பு தாழ்ந்த இடங்களில் தாமதம் வழக்கைத் தின்றுவிடும். 'தொற்றுக் காலத்தில் ஊதுவதற்குப் பதில் எல்லோரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாமே' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு 60 மில்லிகிராம் இருந்தவர், மருத்துவமனையில் வரிசையில் நின்று பன்னிரண்டு மணிக்கு ரத்தம் கொடுத்தால் 30-க்கு வந்திருப்பார். அதைவிட முக்கியம், நோயாளிகள் நிரம்பி வழியும் அவசரப் பிரிவுக்குள் நலமாக இருக்கும் ஓட்டுநரையும் கூட வரும் காவலரையும் அனுப்புகிறீர்கள். ஒரு செவிலியரின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறீர்கள். திறந்த வெளியில் பத்து விநாடி ஊதுவதைவிட இது எந்த வகையிலும் பாதுகாப்பானது அல்ல. ரத்தப் பரிசோதனை தேவைப்படும் சிலருக்கு மட்டும் அதை வையுங்கள். எடுக்கும்போது தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைக்கக் கூடாது என்பதையும், மாதிரி கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு சேர்த்த குழாயில் எடுக்க வேண்டும் என்பதையும் மருத்துவமனைக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே அச்சடித்துவிடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் மறப்பார்கள்.

ஊத முடியாதவர்களும் வருவார்கள். கருவி அளவெடுக்க ஓர் ஆள் ஒரு லிட்டருக்கு மேல் தொடர்ந்து ஊத வேண்டும். நுரையீரல் தொற்றிலிருந்து எழுந்து வந்தவருக்கு அது மாதக்கணக்கில் முடியாமல் போகலாம். மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால் உடனே 'மறுத்தார்' என்று எழுதிவிடாதீர்கள். முயன்றாரா, இருமினாரா, மூச்சு வாங்கியதா என்பதை எழுதுங்கள். மறுப்பும் இயலாமையும் சட்டத்தின் முன் வெவ்வேறு. இயலாதவருக்குத்தான் ரத்தப் பரிசோதனை.

போதைப் பொருள்களையும் விட்டுவிட முடியாது. 2020-ல் அமெரிக்காவில் விபத்துக் காயங்களோடு உயர்நிலைச் சிகிச்சை மையங்களுக்கு வந்த ஓட்டுநர்களைச் சோதித்தபோது, ஊரடங்குக்கு முன்பைவிட அதிகமானவர்களின் ரத்தத்தில் ஏதாவது ஒரு போதைப் பொருள் இருந்தது. கஞ்சாவின் வேதிப்பொருளும் அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டுகளும் அதில் குறிப்பாக ஏறியிருந்தன. இவற்றுக்கு ஊதும் கருவி பயன்படாது, உமிழ்நீர்ச் சோதனை வேண்டும். குச்சியைக் காவலர் வாய்க்குள் விட வேண்டியதில்லை. ஓட்டுநரே எடுத்து, தானே கன்னத்தின் உட்புறம் தேய்த்து, தானே உறையில் போடட்டும், காவலர் தள்ளி நின்று பார்த்தால் போதும். நடை, நிலை பார்க்கும் சோதனைகளும் அப்படியே. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி எடுத்துவைத்துத் திரும்புவதையும், ஒரு காலைத் தூக்கி முப்பது விநாடி நிற்பதையும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கவனிக்கலாம். கண்விழியின் துடிப்பைப் பார்க்கும் சோதனை மட்டும் முகத்துக்கு முப்பது, நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் விரலையோ பேனாவையோ நகர்த்திச் செய்வது. இருவரும் முகக்கவசத்தோடு இருந்தால் செய்யலாம், கண் திறந்துதானே இருக்கிறது.

அடுத்து நான் சொல்வதை வரைவில் தனிப் பத்தியாக, கொட்டை எழுத்தில் போடுங்கள். தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, கருவி சுழி காட்டுகிறது என்றால், 'குடிக்கவில்லை, போகலாம்' என்று அனுப்பக்கூடாது. கோவிட் போன்ற தொற்றில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, மூச்சுத் திணறல் தெரியாமலேயே மூளை குழம்பியவர்கள் இருந்தார்கள். தானே வண்டியோட்டி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருப்பவர் உங்களிடம் மாட்டலாம். சர்க்கரை இறங்கியவரும் அப்படித்தான் இருப்பார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஒன்றை ரோந்து வண்டியில் வையுங்கள். இன்னொரு வகை இன்னும் ஆபத்தானது. 2020-ல் ஈரானில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மது குடித்தால் தொற்று வராது என்ற வதந்தியும் அதற்கு ஒரு காரணம். மதுக்கடை மூடியதால் இந்தியாவில் சானிடைசரைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. கண் மங்குகிறது, பனி மூடியது போல் தெரிகிறது, வயிறு வலிக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது என்று ஓர் ஓட்டுநர் சொன்னால் அவரை லாக்கப்பில் உட்கார வைத்து விடிய விடமாட்டீர்கள் என்று எனக்கு நீங்கள் உறுதி தர வேண்டும். மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அதைக் கொடுக்கச் சில மணி நேரம்தான் அவகாசம். வழக்கு நாளைக்குப் போடலாம்.

குடித்தவர் என்று உறுதியானதும் அவரை என்ன செய்வது? இங்கேதான் பழக்கத்தை மாற்ற வேண்டும். சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில், காவலில் வைப்பதற்குப் பதில் சம்மன் கொடுத்து, வண்டியைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து அனுப்பிவிடுங்கள். நிறுத்தும் அதிகாரமும், ஓட்டத் தகுதியில்லாதவரைச் சாலையிலிருந்து விலக்கும் அதிகாரமும் கருவியோடு பூட்டப்படவில்லை. உங்கள் இடத்துச் சட்டம் இதை எந்தப் பிரிவில் எப்படிச் சொல்கிறது என்று அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி வரைவோடு இணையுங்கள், காவலருக்குத் தைரியம் வரும்.

அந்த இரவு நீங்கள் அனுப்பியவரைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அன்று கருவி இல்லை, மாற்று வழி எழுதிய தாள் ஒன்றும் உங்கள் கையில் இல்லை, மேலிருந்து வந்த உத்தரவு அப்படி. வீட்டில் வயதான தாயார் இருக்கும் ஒருவர், தடுப்பூசி வராத காலத்தில், ஒரு முடிவை அரை நிமிடத்தில் எடுத்தீர்கள். அதற்காக உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் சாவியை வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை, அது உங்களுக்கும் தெரிந்திருப்பதால்தான் தூக்கம் கெடுகிறது. அடுத்த முறை அந்த இடத்தில் நிற்கப்போகும் இளம் காவலருக்கு, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவியை வாங்கு என்று சொல்லும் ஒரு வரி உங்கள் கையால் எழுதப்படட்டும்.

தாயார் விஷயத்தில்: தணிக்கைப் பணியில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி முன்னுரிமை, வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ நோயாளியோ இருப்பவர்களுக்கு வேனிலும் நிலையத்துக்குள்ளும் அடைந்து கிடக்கும் பணியிலிருந்து விலக்கு, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். திறந்தவெளித் தணிக்கையை அவர்களுக்குக் கொடுக்கலாம், மேலே சொன்ன முறையில் அது இருப்பதிலேயே குறைந்த ஆபத்துள்ள வேலை. பணி முடிந்து நிலையத்திலேயே சோப்புப் போட்டுக் கைமுகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு போக ஓர் இடமும் வேண்டும்.

கடைசியாகக் கருவிகள். பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த கருவியை எடுத்ததும் ஊதச் சொல்லாதீர்கள். எரிபொருள் மின்கலம் காய்ந்து சோம்பிப்போயிருக்கும், அளவு குறைத்துக் காட்டலாம். தெரிந்த செறிவுள்ள வாயுவை வைத்து அளவு திருத்தி, சான்றிதழ் தேதியைப் பார்த்த பிறகே வெளியே எடுங்கள். குழல்களையும் உமிழ்நீர்க் குச்சிகளையும் தொற்று வந்த பிறகு வாங்க முடியாது, கவசமே கிடைக்காத நாட்களை நாம் பார்த்தோம். மூன்று மாதத்துக்குத் தேவையானதை இப்போதே இருப்பு வைக்கச் சொல்லி எழுதுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்பினால், அளவு திருத்தம், ரத்த மாதிரி, மெத்தனால் பற்றிய பகுதிகளை நான் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.